போக ஏழு, வர ஒன்பது

எழுபதுகளின் கடைசியில், ஒரு சித்திரை மாதம், ஜவ்வாது மலையில் நடந்தது இது. அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. செங்கத்தில் ஒரு புளி மண்டியில் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதும் வேலை. பள்ளி இறுதி வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. கையெழுத்து மட்டும் அச்சு மாதிரி இருக்கும். அந்தக் கையெழுத்துதான் என்னை மலைக்கு அனுப்பியது. அதே கையெழுத்தில்தான் நான் அந்தப் பொய்யையும் எழுதினேன்.

சென்னையிலிருந்து ஒரு பேராசிரியை வந்திருந்தார். மலை ஊர்களில் குடிதண்ணீர் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, அதைக் கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று அந்த ஆராய்ச்சி முடிவுக்காகக் காத்திருந்தது. தண்ணீருக்குப் போய்வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் ஊர் எதுவோ அதற்குக் கிணறு வெட்டித் தருவார்கள். அதற்குக் குறைவாக இருந்தால் கிடையாது. ஊர் ஊராகப் போய் விவரம் எழுத, மலையடிவாரத்து ஆட்கள் சிலர் வேண்டும் என்றார்கள். மண்டியில் புளி வரத்து ஓய்ந்திருந்த நேரம். முதலாளியே என்னைப் போகச் சொன்னார்.

செங்கத்தில் ஒரு பள்ளிக்கூட அறையில் மூன்று நாள் பயிற்சி. பேராசிரியை அம்மா அதிகம் பேசமாட்டார். பேசினால் நேராகப் பேசுவார். முதல் நாள், "தண்ணி எவ்வளவு தூரம்னு யாரையும் கேட்காதீங்க. தண்ணி எடுக்கிற பொம்பளைங்களோட கூடவே நடங்க. கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்க" என்றார். எங்களில் ஒருவர், கேட்டால் சொல்லிவிடப் போகிறார்கள், எதற்கு நடக்க வேண்டும் என்று கேட்டார். அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"உங்க வீட்டிலேருந்து மண்டிக்கு நடந்து போக எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷங்க."

"நாளைக்குக் கடிகாரத்தைப் பார்த்து நடந்துட்டு வந்து சொல்லுங்க."

மறுநாள் காலை, கல்யாணத்துக்கு மாமனார் போட்ட கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நடந்தேன். இருபத்திரண்டு நிமிடம். அதை வகுப்பில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "தினம் நடக்கிற சொந்தப் பாதையே நமக்குத் தெரியலை பாருங்க" என்றார்.

நாங்கள் நிரப்ப வேண்டிய பாரத்தில் கடைசி வரி, 'நேரில் நடந்து பார்த்தீர்களா?' அதற்கு ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். அதைப் பற்றியும் அம்மா சொன்னார்: "உடம்பு முடியாமப் போகலாம், மழை வரலாம். நடக்கலைன்னா இல்லைன்னு எழுதுங்க, வேற ஆளை அனுப்பிக்கிறேன். அதிலே தப்பே இல்லை. நடக்காம ஆம்னு மட்டும் எழுதிடாதீங்க. இங்க எழுதுறது இந்த மலையோட நிற்காது. வேற நாட்டு மலைங்களுக்கு என்ன செய்யலாம்னு முடிவு பண்றவங்களும் இதைத்தான் புரட்டப் போறாங்க."

நான் எழுதும் ஒரு பாரம் கடல் தாண்டிப் போகும் என்று நினைக்கவே எனக்கு வேடிக்கையாக இருந்தது.

என் சுபாவத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் கூச்சக்காரன். மண்டியில் பெண்கள் புளிக்கூடையோடு வந்தால் சீட்டைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவேன். என் மனைவியே, "இந்த மனுஷனுக்கு என் மூஞ்சியே கல்யாணமாகி ஆறு மாசம் கழிச்சுதான் தெரியும்" என்று உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்தது புரிவதற்காகச் சொல்கிறேன்.

எனக்கு ஐந்து ஊர்கள் ஒதுக்கினார்கள். நான்கு ஊர்களில் ஒழுங்காகத்தான் நடந்தேன். அங்கெல்லாம் வயதான பெண்கள் தண்ணீருக்கு வந்தார்கள், அல்லது கூட ஒரு ஆணும் வந்தார். பேச்சுத் துணைக்கு ஆள் இருந்ததால் சமாளித்துவிட்டேன். நான்கு ஊர்களுமே ஒரு மணி நேரத்தைத் தாண்டின.

ஐந்தாவது ஊர்தான் இருப்பதிலேயே உயரம். பன்னிரண்டு வீடுகள். ஜமுனாமரத்தூரிலிருந்து காலையில் நடக்க ஆரம்பித்து, ஏறி முடித்தபோது பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டது. செருப்பெல்லாம் செம்மண். ஊர்க் கவுண்டர் வாசலிலேயே நின்றிருந்தார். அவர் ஒரு காலைச் சற்றுத் தாங்கித் தாங்கி நடப்பார். கயிற்றுக் கட்டிலைப் போட்டு, ஒரு பெரிய செம்பில் தண்ணீர் கொடுத்தார். அது குடிக்க அல்ல, கால் கழுவ. அங்கே அது வழக்கம். வந்தவர் கால் கழுவிய பிறகுதான் மற்ற பேச்சு. நான் செம்பு முழுவதையும் கால்களில் ஊற்றினேன். குளிர்ச்சியாக, சுகமாக இருந்தது. செம்மண் முழுவதும் போகவில்லை என்று, "இன்னொரு செம்பு குடுங்க" என்று கேட்டேன். கவுண்டர் உள்ளே பார்த்து ஏதோ சொன்னார். கொஞ்சம் தாமதமாகி அதுவும் வந்தது. அதில் முகத்தையும் கழுவிக்கொண்டேன். குடிப்பதற்கு மூன்றாவதாக ஒரு செம்பு.

அப்போது மூன்று பெண்கள் குடத்தோடு வந்து நின்றார்கள். மூவரும் இருபது, இருபத்தைந்து வயதுக்காரர்கள். அவர்களில் உயரமான ஒருத்தி என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"தண்ணிக்குக் கூட வர்ற சாரு நீதானா?"

"ஆமாம்மா" என்றேன், அவள் குடத்தைப் பார்த்து.

"அப்ப நீயும் ஒரு கொடம் எட்துக்கோ. சும்மா கைய வீசிக்கினு வந்தா எப்டி?"

பின்னாலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் இளையவள் வாயை மூடிக்கொண்டு, ஆனால் எனக்குக் கேட்கும்படி சொன்னாள்:

"பாருக்கா, பொண்ணு பாக்க வந்த மாப்ள மாதிரி தரையவே பாத்துக்கினு கீது."

"ஏய், சும்மா இருடீ" என்று உயரமானவள் அவளை அதட்டினாள். "சார், நாங்க சேலைய தூக்கி சொருவிக்கினு எறங்குவோம். செங்குத்து. நீ முன்னால போ, நாங்க பின்னால வர்றோம்."

"மாப்ள வழுக்கி உழுந்தா யாரு தூக்கறது?" என்றாள் இளையவள்.

கேலிதான், கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லை. வேறு எவனாக இருந்தாலும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு நடந்திருப்பான். எனக்கோ பயிற்சி அறையில் எல்லோரும் சிரித்தது நினைவுக்கு வந்தது. முன்னால் போனால் வழியெல்லாம் என் முதுகைப் பார்த்துச் சிரிப்பார்கள், பின்னால் போகக் கூடாது. ஊர் எல்லைப் பாறை வரை போனேன். அங்கே நின்று, "கால் வலிக்குதும்மா. நீங்க போய்ட்டு வாங்க" என்றேன்.

உயரமானவள் சிரிப்பை நிறுத்தினாள். "வந்து பாத்துட்டு எழுது சார். நடந்து பாத்து எழுதுனாதான் கெணறு வரும்னு சொன்னாங்களே?"

"எழுதிக்கறேன், போய்ட்டு வாங்க."

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு இறங்கினாள்.

திரும்பி வந்து கவுண்டரிடம் கேட்டேன். எதைக் கேட்கக் கூடாது என்று அம்மா சொன்னாரோ, அதையே.

"ஊத்து இன்னா தூரம் கவுண்டரே?"

"கூப்டு தூரம்தான் சார். தோ, கூப்ட்டே காட்றேன்."

பாறை விளிம்பில் போய் நின்று, இரண்டு கைகளையும் வாயில் குவித்து ஒரு குரல் கொடுத்தார். காலையிலேயே போய் ஊற்றடியில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருத்தி உடனே பதில் குரல் கொடுத்தாள். பக்கத்து வீட்டிலிருந்து பேசுவது போல அவ்வளவு தெளிவாகக் கேட்டது. கவுண்டர் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார்.

அவர் பொய் சொல்லவில்லை. மலைக்காரர்கள் அப்படித்தான் தூரத்தைச் சொல்வார்கள். பள்ளத்துக்குக் குறுக்கே குரல் பறந்து போய்விடும். கால்தான் சுற்றிச் சுற்றி இறங்கி ஏற வேண்டும். அது எனக்கு அன்றைக்கும் ஓரளவு தெரியும், நான் ஒன்றும் மலையே பார்க்காதவன் இல்லை. அந்த ஊரில் ஆண்கள் தண்ணீருக்குப் போவதில்லை, காலைத் தாங்கி நடக்கும் கவுண்டர் அந்தப் பாதையை மிதித்தே பல வருடம் ஆகியிருக்கும் என்பதையும் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அந்தப் பெண்கள் திரும்பி வருவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் என் மனதில் இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

பாதி வழியில் ஒரு புளியமரத்து நிழலில் உட்கார்ந்து பாரத்தை நிரப்பினேன். போக ஐந்து, வர ஐந்து என்று முதலில் நினைத்தேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் நடக்காமல் எழுதியது தெரிந்துவிடும் என்று தோன்றியது. போக ஏழு நிமிடம் என்று எழுதினேன். குடத்தோடு ஏறி வர வேண்டுமே என்று இரண்டு நிமிடம் கூட்டி, வர ஒன்பது என்று எழுதினேன். அந்த அளவுக்கு என் நேர்மை!

கடைசி வரி வந்தது. 'இல்லை' என்று எழுதியிருக்கலாம். அம்மாவே அனுமதி கொடுத்திருந்தார். ஆனால் ஏன் நடக்கவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? மூன்று பெண்கள் சிரித்தார்கள், அதனால் நடக்கவில்லை என்றா? 'ஆம்' என்ற கட்டத்தில் அழகாக ஒரு குறி போட்டுக் கையெழுத்திட்டேன்.

ஆறு மாதம் கழித்து, ஐப்பசி மாதத்தில், ஜமுனாமரத்தூரில் ஒரு கூட்டம் போட்டு முடிவைச் சொன்னார்கள். எங்களையும் அழைத்திருந்தார்கள். கிணறு வரப்போகும் ஊர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். என்னுடைய நான்கு ஊர்களும் வந்தன. ஐந்தாவது வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாசித்து முடிக்கும் வரை, எப்படியாவது வந்துவிடாதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கூட்டம் முடிந்ததும் பேராசிரியை அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் அட்டை போட்ட தடித்த புத்தகம். ஆங்கிலம். ஒரு பக்கத்தைத் திருப்பி ஒரு பத்தியைக் காட்டினார்.

"இது உங்களாலே எழுதினது. மலையிலே மேல போகப் போகத் தண்ணி தூரமாயிடும்னு நாங்க நினைச்சுக்கிட்டிருந்தோம். உங்க அஞ்சாவது ஊருதான் எல்லாத்தையும் விட உயரம், ஆனா அங்கதான் தண்ணி கிட்டே இருக்கு. அப்ப உயரத்தை மட்டும் வச்சு உதவியை முடிவு பண்ணக் கூடாதுன்னு எழுதியிருக்கேன். வெளிநாட்டிலே இதைப் படிச்சவங்களுக்கு ரொம்ப ஆச்சரியம்."

நான் தலை குனிந்து நின்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

"அந்த ஊத்து எப்படி இருக்கும்? நீங்க பார்த்திருக்கீங்களே, கொஞ்சம் சொல்லுங்க. அடுத்த கட்டுரையிலே சேர்த்துக்கிறேன்."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. பட்டியல் வாசித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கிணறு வெட்டும் அதிகாரிகள் அங்கேயே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஊரின் பெயரைச் சேர்த்திருப்பார்கள். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"சுத்தி கல்லு கட்டி இருக்குங்கம்மா. தண்ணி வத்தாதுங்க."

அம்மா அதை நோட்டில் எழுதிக்கொண்டார். முதல் பொய்யைக் கூச்சத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொண்டாலும், இந்த இரண்டாவது பொய்க்கு இன்று வரை எனக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை.

தை மாதத்துக்குள் அந்த நான்கு ஊர்களிலும் கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று மண்டிக்கு வந்தவர்கள் சொன்னார்கள். நான் ஐந்தாவது ஊரைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை.

பங்குனியில் புளி வரத்து மும்முரமாக இருந்தது. ஒரு நாள் மண்டியில் நல்ல கூட்டம். நான் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். எதிரில் ஒரு கூடை வந்து இறங்கியது.

"கால் கழுவுன சார்தானே நீ?"

நிமிர்ந்து பார்த்தேன். அந்த உயரமான பெண். சுற்றியிருந்தவர்கள் என்ன ஏது என்று திரும்பினார்கள். அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்தவரைப் பார்த்த முகம்தான்.

"எங்க ஊருக்கு இன்னா சார் எழுதுன? நாலு ஊருக்குக் கெணறு வந்துச்சு, எங்களுக்கு வரல. கேட்டா, ஒங்க ஊத்து கிட்டக்க கீதுன்னு புஸ்தவத்துல போட்டுக்கீதுன்றாங்க."

"மேல அனுப்பிட்டோம்மா. அவங்கதான்…" என்று இழுத்தேன்.

"நீ வரவே இல்லியே சார். பின்ன எப்டி எழுதுன?"

நான் சீட்டுக் கட்டைச் சரிசெய்தேன். அவளே தொடர்ந்தாள். அன்றைக்கு என்னை மாப்பிள்ளை என்று கேலி செய்த இளையவள் அவளுடைய ஓரகத்தியாம். மாசி மாதம் குடத்தோடு ஏறும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தாள். இப்போது கோல் ஊன்றித்தான் நடக்கிறாள்.

"இப்ப ரெண்டு வூட்டுக்கும் நாந்தான் தண்ணி சொமக்கறேன். அவ இன்னும் ஒன்னப் பத்தி சொல்லிச் சிரிப்பா சார். மாப்ள பயந்துக்கினு ஓடிட்டாருன்னு."

தை மாதம் நான்கு ஊரில் தண்ணீர் வந்தது. மாசி மாதம் அவள் விழுந்தாள். இடையில் ஒரு மாதம். சீட்டில் அடுத்த எழுத்து எழுத என் கை வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் மலையேறினேன். அவர்கள் தண்ணீருக்குக் கிளம்பும் நேரத்துக்கு நேராகப் போய் நின்றேன். உயரமான பெண் என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு குடத்தைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

இறங்கவே நாற்பது நிமிடம் ஆனது. சில இடங்களில் உட்கார்ந்து, கையூன்றித்தான் இறங்க முடிந்தது. ஊற்று என்பது பாறைச் சந்தில் ஒரு முறம் அளவுக்கு ஒரு குழி. சுற்றிக் கல் கட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை. தண்ணீர் ஊறி ஊறி வர, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். என் முறை வந்து குடம் நிறைய ஒரு மணி நேரத்துக்கு மேல். ஏறி வர ஒன்றேகால் மணி நேரம். எப்படிச் சுமந்தும் என் குடத்தில் பாதி தண்ணீர் வழியிலேயே சிந்திப் போனது.

ஊற்றடியில் உட்கார்ந்திருந்தபோது மேலே கவுண்டர் யாரையோ கூப்பிடும் குரல் கேட்டது. பக்கத்து வீட்டிலிருந்து கேட்பது போல, அதே தெளிவு.

மேலே வந்து சேர்ந்ததும் அவள் வீட்டு வாசலில் குடத்தை இறக்கினேன். கோல் ஊன்றிய பெண் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா மாப்ள? இத்தினி நாள் கழிச்சா வர்றது?"

அன்றைக்குப் போல எனக்குக் கூச்சம் வரவில்லை. அழுகைதான் வந்தது. அப்போதுதான் சொன்னேன்.

"அன்னிக்கு நான் நடக்காமயே எழுதிட்டேம்மா. ஏழு நிமிஷம்னு எழுதிட்டேன்."

உயரமான பெண் குடத்தை ஓரமாக நகர்த்திக்கொண்டே சொன்னாள்:

"தெரியும் சார். நீ நடக்கலன்னு இந்த ஊருல எல்லாருக்கும் தெரியும். எங்கள யாரு வந்து கேட்டா?"

பிறகு உள்ளே போய்ச் செம்பை எடுத்து வந்தாள். நான் சுமந்து வந்த அந்த அரைக் குடத்திலிருந்தே மொண்டு என்னிடம் நீட்டினாள்.

"கால் கழுவு சார்."

"வேணாம்மா."

"வூட்டுக்கு வந்துட்டு கால் கழுவாம எப்டி? நீ தூக்கியாந்த தண்ணிதான், கழுவு."

வாங்கிக்கொண்டேன். விரல் நனையும் அளவுக்கு ஊற்றிவிட்டு மீதியைக் குடத்திலேயே திருப்பி ஊற்றினேன். முந்தைய சித்திரையில் நான் கால் கழுவி, முகம் கழுவிக் குடித்த மூன்று செம்புக்கும் ஒருத்தியின் காலைப் பொழுது முழுவதும் போயிருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அன்று மாலையே வீடு வந்து, பேராசிரியை அம்மாவுக்கு ஒரு இன்லண்டு கவர் எழுதினேன். ஏழும் ஒன்பதும் பொய், கல் கட்டிய ஊற்றும் பொய், உண்மையான நேரம் இவ்வளவு என்று எல்லாவற்றையும் எழுதினேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் என்னைப் போலீஸில் கொடுத்தாலும் சரி என்று இருந்தது.

இருபது நாள் கழித்துப் பதில் வந்தது. திட்டி ஒரு வரி இல்லை. அந்த ஊருக்கு வேறு ஆளை அனுப்பி மறுபடி அளந்ததாகவும், நான் பிறகு எழுதியது சரி என்றும் இருந்தது. நிறுவனத்துக்கும் புத்தகம் போட்டவர்களுக்கும் திருத்தம் எழுதி அனுப்பிவிட்டாராம். உங்கள் பாரத்தை ஒரு முறைகூடச் சரிபார்க்காமல் எனக்குப் பிடித்த முடிவு என்பதற்காக நம்பியது என்னுடைய தவறு என்றும் எழுதியிருந்தார். அந்த வரிதான் என்னை அதிகம் சுட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கடைசியில் இரண்டு செய்திகள். இந்த மலைக்கான பணம் முடிந்துவிட்டதால் அந்த ஊருக்கு இப்போது கிணறு வர வழியில்லை. முதலில் அச்சான புத்தகங்கள் எந்தெந்த நாட்டில் யார் யார் மேசையில் இருக்கின்றன என்பது அவருக்கே தெரியாது. அந்தப் பத்தியைப் படித்தவர்கள் எல்லோரும் திருத்தத்தையும் படிப்பார்கள் என்று சொல்ல முடியாது.

நான்கு வருடம் கழித்து அந்த ஊருக்கு அரசாங்கத்தில் ஒரு கிணறு வெட்டினார்கள். அந்த நான்கு வருடமும் இரண்டு வீட்டுத் தண்ணீரையும் அந்த உயரமான பெண்தான் சுமந்தாள். கிணறு வந்த பிறகு புளியோடு மண்டிக்கு வந்தவள், "இனிமே தைரியமா வா சார், எத்தினி செம்பு வேணும்னாலும் கால் கழுவலாம்" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு உள்ளே கோணி மூட்டைகளுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இதெல்லாம் நடந்து பத்து வருடம் ஆகப் போகிறது. எனக்கு உலகப் படத்தில் எந்த நாட்டையும் சரியாகக் காட்டத் தெரியாது. ஆனால் எங்கோ ஒரு நாட்டில், ஒரு மலையில், என் ஏழையும் ஒன்பதையும் படித்த யாரோ ஒருவர் 'உயரத்தில் தண்ணீர் கிட்டத்தில்தான் இருக்கும்' என்று ஒரு ஊரின் பெயரை அடித்திருக்கலாம் என்ற நினைப்பு மட்டும் என்னை விடுவதில்லை. ஜவ்வாது மலைப் பாதையை நடந்து பார்த்து, என் பொய்யை நானே திருத்தி எழுதிவிட்டேன். எங்கோ இருக்கும் அந்த இன்னொரு மலையில் குடத்தோடு இறங்கும் பெண்ணின் பெயரோ பாதையோ எனக்குத் தெரியாது, அவளோடு போய் நடக்கவும் எனக்கு வழியில்லை.